சொரியாசிஸ் தடிப்புகளுக்குக் கால்சிபோட்ரியால் – பீட்டாமெத்தசோன் கூட்டு மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கை, முழங்கால், முதுகு, தலை ஆகிய இடங்களில் தடித்து, வெள்ளிநிறச் செதில் உதிரும் நாள்பட்ட சொரியாசிஸ் உள்ள பெரியவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. சிங்கப்பூரில் இந்தக் கூட்டு மருந்து மருத்துவர் சீட்டின்பேரில்தான் கிடைக்கும். ஆனால் ஆலோசனை அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் எவ்வளவு பூசுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பேச்சுக்கு வராமலே போய்விடுகிறது. உங்கள் மருத்துவர் இங்கே உள்ளதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் தோலை நேரில் பார்த்தவர் அவர்.

இந்த மருந்தில் என்ன இருக்கிறது?

இரண்டு பொருள்கள். ஒன்று கால்சிபோட்ரியால், வைட்டமின் டி-யைப் போலச் செயல்படும் செயற்கை மருந்து. ஒரு கிராமில் 50 மைக்ரோகிராம் இருக்கும். மற்றொன்று பீட்டாமெத்தசோன் டைபுரொபியோனேட் என்ற வீரியமான ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோனாகக் கணக்கிட்டால் ஒரு கிராமில் 0.5 மில்லிகிராம். களிம்பும் ஜெல்லும் டைவோபெட் என்ற பெயரிலும், நுரை என்ஸ்டிலார் என்ற பெயரிலும் பரவலாக அறியப்பட்டவை.

சாதாரணத் தோலில் ஓர் உயிரணு அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாள்களில் முடிந்துவிடுகிறது. முதிராத உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் செதிலாகின்றன. கால்சிபோட்ரியால் அந்த அவசரத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டு அடியில் இருக்கும் அழற்சியையும் அரிப்பையும் அடக்கும். முதலில் தெரிவது ஸ்டீராய்டின் வேலை. கால்சிபோட்ரியால் நிதானமாகத்தான் பலன் தரும். தனியாகப் பூசினால் கால்சிபோட்ரியால் சிலருக்கு எரிச்சல் தரும். ஸ்டீராய்டு கூட இருப்பதால் அந்த எரிச்சலும் குறைகிறது.

இரண்டையும் தனித்தனியாக மலிவாக வாங்கி, உள்ளங்கையில் கலந்து பூசலாமா?

கூடாது. கால்சிபோட்ரியால் காரத்தன்மையில்தான் நிலைத்து நிற்கும். பீட்டாமெத்தசோன் டைபுரொபியோனேட்டுக்கோ லேசான அமிலத்தன்மை வேண்டும். ஏதோ ஒரு க்ரீமில் இரண்டையும் குழைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும். கூட்டு மருந்தில் தண்ணீரே இல்லாத அடிப்பொருளைப் பயன்படுத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே இரண்டும் தனித்தனி டியூப்பாக இருந்தால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மருத்துவர் பிரித்துக் கொடுப்பதுண்டு. அது வேறு முறை, கலப்பதல்ல.

ஊரிலிருந்து கொண்டுவந்த டியூபிலும் பீட்டாமெத்தசோன் என்றுதான் போட்டிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானே?

பெரும்பாலும் இல்லை. பெயரின் பாதி ஒத்துப்போவதால் வரும் குழப்பம் இது. தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல டியூப்களில் வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருக்கும். சொரியாசிஸுக்கு அவை இரண்டாலும் பயனில்லை. இன்னொரு வகையில் பீட்டாமெத்தசோனோடு சாலிசிலிக் அமிலம் இருக்கும். அது செதிலைக் கரைக்க உதவும் நல்ல மருந்துதான். ஆனால் அந்த அமிலம் பட்டால் கால்சிபோட்ரியால் செயலிழந்துவிடும் என்பதால், இந்தக் கூட்டு மருந்து பூசும் இடத்தில் அதையும் பூசக்கூடாது. டியூபின் முன்பக்கத்து வணிகப்பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொருள்களின் பெயரைப் படியுங்கள்.

பொருள் பட்டியலே இல்லாத 'மூலிகைக் களிம்பு' டப்பாக்கள் இன்னும் ஆபத்தானவை. இரண்டே நாளில் அதிசயமாகக் குணம் தெரிந்தால், உள்ளே சொல்லாமல் சேர்த்த ஸ்டீராய்டு இருக்கக்கூடும். இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

களிம்பு, ஜெல், நுரை: எது நல்லது?

மருந்து ஒன்றேதான், அடிப்பொருள்தான் வேறு. களிம்பு பிசுபிசுப்பானது, தடித்து வறண்ட முழங்கால், முழங்கைத் தடிப்புகளுக்கு ஏற்றது. ஜெல் தலைக்கும், முடி அடர்ந்த மார்பு, கால்களுக்கும் வசதி. நுரை தோலில் பட்டதும் அதைத் தெளிக்க உதவும் வாயு ஆவியாகி, மருந்து செறிவான படலமாகத் தங்குகிறது. தோலுக்குள் இறங்குவதும் அதிகம். ஆய்வுகளில் நுரைக்கே கொஞ்சம் முந்திய பலன் தெரிந்திருக்கிறது, விலையும் கூடுதல்.

நம் ஊர்ப் புழுக்கத்தில், எந்த வடிவத்தை நீங்கள் சலிக்காமல் தினமும் பூசுவீர்களோ அதுவே நல்லது. பிசுபிசுப்பு பிடிக்காமல் அலமாரியில் கிடக்கும் களிம்பால் யாருக்கும் பயனில்லை. பிடிக்கவில்லை என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஒரு தடவைக்கு எவ்வளவு பூச வேண்டும்?

சிகிச்சை தோற்பதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. 'ஸ்டீராய்டு, கொஞ்சமாகப் போடு' என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் பட்டாணி அளவு மருந்தை முதுகு முழுக்கத் தேய்ப்பவர்கள் நிறைய.

அளவுக்கு உங்கள் கையே கருவி. டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசி ரேகை தொடங்கி நுனிவரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஒரு 'விரல்நுனி அளவு', ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். உள்ளங்கை என்றால் சேர்த்துவைத்த விரல்களோடு முழுக் கை. அப்படி ஒரு கை உடல் பரப்பில் கிட்டத்தட்ட 1 விழுக்காடு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு முழங்கையிலும் அரை அரை உள்ளங்கை, இரண்டு முழங்காலிலும் ஒவ்வோர் உள்ளங்கை, முதுகில் ஓர் உள்ளங்கை. மொத்தம் 4 உள்ளங்கை. அதாவது 2 விரல்நுனி, நாளுக்கு 1 கிராம். நான்கு வாரத்துக்கு 28 கிராம். 30 கிராம் டியூப் மாதக் கடைசியில் ஏறக்குறைய காலியாக வேண்டும். பாதி மிச்சமிருந்தால் நீங்கள் பாதி சிகிச்சைதான் எடுத்திருக்கிறீர்கள்.

மேல்வரம்பும் உண்டு. நாளுக்கு 15 கிராம், வாரத்துக்கு 100 கிராம், உடல் பரப்பில் 30 விழுக்காடு. கால்சிபோட்ரியால் உள்ள வேறு மருந்து பூசினால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். நுரைக்கு விரல்நுனிக் கணக்கு பொருந்தாது. 60 கிராம் குப்பி 4 நாளுக்குள் தீர்ந்துவிட்டால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எப்படிப் பூசுவது?

நாளுக்கு ஒரே ஒரு முறை. இரண்டு முறை பூசினால் பலன் இரட்டிப்பாகாது, பக்கவிளைவுதான் கூடும். இரவு நேரம் சிங்கப்பூருக்குப் பொருத்தமானது. வேலை முடிந்து குளித்து, துண்டால் ஒற்றி ஈரம் போக்கி, உடல் சூடு தணிந்தபின் பூசுங்கள். காலையில் பூசிவிட்டு எம்ஆர்டி-யைப் பிடிக்க ஓடினால் பாதி வியர்வையில் போய்விடும், மீதி சட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

தடிப்பின்மேல் மட்டும் பூசுங்கள், சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வேண்டாம். அழுத்தித் தேய்க்காமல், முடி வளரும் திசையில் மெல்லத் தடவினால் போதும். எதிர்த்திசையில் தேய்த்தால் மயிர்க்கால்களில் சிறு கொப்புளம் கிளம்பும். உலரும்வரை சில நிமிடம் பொறுத்துத் தளர்வான பருத்தி உடை போடுங்கள். பூசியவுடன் குளிக்கக் கூடாது. மேலே பிளாஸ்டிக் சுற்றுவது, இறுக்கிக் கட்டுப்போடுவது வேண்டாம். ஸ்டீராய்டு அளவுக்கு மீறி உள்ளே இறங்கும்.

முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கையோடு முகத்தைத் தொடுவதும், குழந்தையைத் தூக்குவதும், கான்டாக்ட் லென்ஸ் கழற்றுவதும்தான் மருந்து தவறான இடத்துக்குப் போகும் வழிகள். சிகிச்சையே கையில்தான் என்றால் உறங்கப் போகும்முன் கடைசி வேலையாகப் பூசிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மறந்தால் போகட்டும். மறுநாள் வழக்கமான அளவே, இரட்டிப்பு வேண்டாம்.

நுரைக் குப்பியாக இருந்தால் தோலிலிருந்து குறைந்தது 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துத் தெளியுங்கள். குப்பியைப் படுக்கைவாட்டில் மட்டும் பிடிக்கக் கூடாது. தெளித்ததை விரலால் மெல்லத் தடவிவிட வேண்டும், அப்படியே விட்டுவிடுவதற்கில்லை.

தலையில் பூசும்போது முடிதான் நனைகிறது, தோலுக்குப் போவதேயில்லை. என்ன செய்வது?

ஜெல் பாட்டிலை முதலில் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். முடி உலர்ந்திருக்க வேண்டும். சீப்பால் வகிடு எடுத்து, தெரியும் தோலில் துளி துளியாக வைத்து விரல்நுனியால் பரப்புங்கள். அடுத்த வகிடு அரை அங்குலம் தள்ளி. தலை முழுவதற்கும் 1 முதல் 4 கிராம் போதும். 4 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

காலையில் கழுவும்போது பலர் முதலில் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள், பிறகு பிசுக்கு போகவே மாட்டேன் என்கிறது. உலர்ந்த தலையிலேயே ஷாம்பூவைத் தேய்த்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, அதன்பிறகு தண்ணீர் ஊற்றி அலசினால் எளிதாகப் போய்விடும்.

தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு: எண்ணெய் தடித்த செதிலை ஊறவைக்க நல்லது. மாலையில் வைத்து, ஊறியபின் அகலப் பல் சீப்பால் மெல்லத் தளர்த்தி, தலைக்குக் குளித்து, உலர்த்தி, இரவில் ஜெல் பூசுங்கள். எண்ணெயின் மேலேயே ஜெல் பூசினால் மருந்து தோலில் இறங்காது. செதிலை நகத்தால் பெயர்த்தெடுக்காதீர்கள். ரத்தம் கசியும், அந்தக் காயத்திலேயே புதிதாகத் தடிப்பு வரும்.

எங்கெல்லாம் பூசக் கூடாது?

முகம், கண் இமை, அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு. இங்கெல்லாம் தோல் மெல்லியது, மடிப்புகளில் வியர்வையும் தங்கும். ஸ்டீராய்டு வேகமாக இறங்கித் தோலை நைந்துபோகச் செய்யும். அங்கும் சொரியாசிஸ் இருந்தால் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது. சீழ்க் கொப்புள வகை, உடல் முழுதும் சிவந்து உரியும் வகை, தொண்டைப் புண்ணுக்குப்பின் மழைத்துளிபோல் சிதறி வரும் வகை ஆகியவற்றுக்கும் இந்த மருந்து இல்லை. ஆறாத புண், பூஞ்சை, அம்மை, அக்கி உள்ள இடத்திலும் தொடக்கூடாது.

மாய்ஸ்சரைசர், வெட்பாலைத் தைலம் எல்லாம் கூடவே பூசலாமா?

மாய்ஸ்சரைசர் கட்டாயம் வேண்டும். நாள் முழுக்கக் குளிர்சாதன அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை. ஆனால் இரண்டுக்கும் நடுவே அரைமணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எளிய வழி: காலையிலும் பகலிலும் மாய்ஸ்சரைசர், இரவில் மருந்து. யூரியா கலந்தது சரி. சாலிசிலிக் அமிலம் கலந்தது அந்த இடத்துக்கு வேண்டாம்.

வெட்பாலைத் தைலம் நம் மக்களிடம் வெகுநாளாகப் புழங்குவது. செதிலை இளக்கவும் வறட்சியைக் குறைக்கவும் உதவலாம். பூசுவதென்றால் வேறு வேளையில் பூசுங்கள், பூசுவதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள். மறைத்தால்தான் எந்த மருந்தால் குணம், எதனால் எரிச்சல் என்று அவர்களால் பிரித்தறிய முடியாமல் போகும்.

எத்தனை நாளில் குணம் தெரியும்? எப்போது நிறுத்துவது?

முதல் வாரத்தில் அரிப்பும் செதிலும் குறையும். இரண்டாம் வாரத்தில் தடிப்பு மெலிவது தெரியும். இங்கேதான் இரண்டாவது பெரிய தவறு நடக்கிறது: செதில் போனதும் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். மேலே உதிர்ந்தாலும் அடியில் அழற்சி அடங்கியிருக்காது, சில வாரத்தில் அதே இடத்தில் எழுந்துவிடும்.

களிம்புக்கும் நுரைக்கும் வழக்கமான சுற்று 4 வாரம். ஜெல் தலைக்கு 4 வாரம், உடலுக்கு 8 வாரம். அதற்குமேல் தொடர்வதும், மறுசுற்று தொடங்குவதும் மருத்துவர் பார்த்தபின்தான்.

சுற்றுக்கு நடுவிலேயே ஓரிடம் முழுதாகத் தெளிந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்பது நல்ல கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். நல்ல தோலுக்கும் அந்த இடத்துக்கும் விளிம்பு தெரியாமல், சொரசொரப்பில்லாமல் சமமாக இருந்தால் அந்த இடம் தெளிந்துவிட்டது. மேடு தட்டுப்பட்டால் இன்னும் மருந்து வேண்டும்.

தடிப்பு போய்விட்டது, ஆனால் கறுப்புத் திட்டு போகவில்லையே. இன்னும் பூசலாமா?

கூடாது. நம் நிறத் தோலுக்கு மிக முக்கியமான பதில் இது. மருத்துவப் படங்களில் காணும் ரோஜா நிறச் சிவப்பு பழுப்புத் தோலில் தெரியாது. ஊதா, சாம்பல், கரும்பழுப்பு என்றுதான் தெரியும். தடிப்பு அடங்கியபின் அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ நிற்கும். அழற்சி விட்டுச்சென்ற நிறமாற்றம் அது. தானாக மங்க மாதக்கணக்கில் ஆகும். அதற்கு ஸ்டீராய்டு மருந்தல்ல. நிறம் போகட்டும் என்று தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், ஸ்டீராய்டே தோலை இன்னும் வெளுக்கவைக்கும்.

வெளுத்த திட்டைப் பார்த்து வெண்புள்ளி நோய் என்று பயப்படுபவர்கள் உண்டு. சொரியாசிஸ் இருந்த அதே வடிவில், மங்கலான வெளுப்பாக இருந்தால் பெரும்பாலும் அந்த நோய் அல்ல. பால் வெள்ளையாக, தடிப்பே இல்லாத இடத்தில் வந்தால் காட்டுங்கள்.

நிறுத்தினால் திரும்ப வருமா?

வரக்கூடும். சொரியாசிஸை இந்த மருந்து அடக்கிவைக்கும், வேரோடு நீக்காது. அப்படி நீக்குவதாகச் சொல்லும் எந்த விளம்பரத்தையும் நம்ப வேண்டாம்.

திரும்புவதைத் தள்ளிப்போட வழி உண்டு. நுரை மருந்தில், தெளிந்த இடங்களுக்கு வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல் (திங்கள், வியாழன் என்பதுபோல்) பூசும் முறை 52 வார ஆய்வில் சோதிக்கப்பட்டது. மருந்தில்லாத நுரை பூசியவர்களுக்கு முதல்முறை நோய் திரும்ப எடுத்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப்பேருக்கு அதற்குள் திரும்பிவிட்டது) 30 நாள். மருந்து நுரை பூசியவர்களுக்கு 56 நாள். மீண்டும் தடிப்பு எழுந்தால் பழையபடி தினமும் ஒருமுறை, 4 வாரம். களிம்போ ஜெல்லோ வைத்திருப்பவர்கள் இதை அவர்களாகவே பின்பற்றாமல் மருத்துவரிடம் கேட்டு அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள்.

நீண்ட நாள், பெரிய பரப்பில் பூசிவிட்டுத் திடீரென்று நிறுத்துவது வேறு கதை. நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பலாம், சிலருக்குச் சீழ்க் கொப்புளமாகவும் மாறலாம்.

எரிகிறது, சிறு கொப்புளம் வருகிறது. நிறுத்தவா?

முதல் சில நாள் லேசான அரிப்பு, எரிச்சல் வருவதுண்டு. பெரும்பாலும் தானாக அடங்கும். வெடிப்புள்ள இடத்தில் பூசினால் சுள்ளென்று இருக்கும். மயிர்க்கால் கொப்புளம் புழுக்கத்தில் சகஜம். ஓரிரு நாள் நிறுத்தி, மெல்லிய படலமாக மறுபடி தொடங்கலாம். எரிச்சல் கூடிக்கொண்டே போனாலோ, தடிப்புக்கு வெளியே பரவினாலோ, நீர் கசிந்தாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

தோல் மெலியும் என்ற பயம் நியாயமானது, ஆனால் அளவோடு இருக்கட்டும். தடிப்பின்மேல், சொன்ன அளவில், சொன்ன வாரங்கள் பூசுபவர்களுக்கு அது அரிது. மாதக்கணக்கில் மேற்பார்வையில்லாமல் பூசினால் தோல் கண்ணாடித்தாள்போல் சுருங்கும், மெல்லிய ரத்தநாளம் தெரியும், வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் மறையாதவை. பார்வை மங்கினாலும் சொல்லுங்கள். கண்புரை, கண்ணழுத்தம் ஆகியவை ஸ்டீராய்டோடு தொடர்புள்ளவை.

சர்க்கரை நோய், கர்ப்பம், கால்சியம் மாத்திரை?

பெரிய பரப்பில் பூசும்போது ஸ்டீராய்டு கொஞ்சம் ரத்தத்தில் கலந்து சர்க்கரையை ஏற்றலாம். வீட்டிலேயே சோதிக்கும் பழக்கமுள்ளவர்கள் முதல் சில வாரம் கூடுதலாகப் பாருங்கள். கால்சியம் அல்லது வைட்டமின் டி அதிக அளவில் எடுப்பவர்கள், கால்சியக் கோளாறு, கடுமையான சிறுநீரக, கல்லீரல் நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தால், திட்டமிட்டிருந்தால் மருத்துவர் முடிவு செய்வார். பாலூட்டும் தாய்மார் மார்பில் பூசவே கூடாது.

வெயிலில் போகலாமா? ஒளிச்சிகிச்சை எடுக்கிறேன்.

போகலாம், காய வேண்டாம். புற ஊதாக் கதிர் கால்சிபோட்ரியாலைச் சிதைக்கும். மருந்து பூசிய தோலை வெயிலில் காட்டக் கூடாது. சிங்கப்பூரில் நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவது சாதாரணம். இரவில் பூசச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒளிச்சிகிச்சை நாளில் மருந்தைச் சிகிச்சைக்குப் பின்னரே பூசுங்கள். முன்பே பூசினால் மருந்தும் கெடும், கதிரும் தடைபடும்.

சாமி விளக்கு ஏற்றுவது, சமைப்பது இதெல்லாம்?

களிம்பில் பாரஃபின் இருக்கிறது. அது ஊறிய துணி தீப்பொறி பட்டால் குபீரென்று பற்றும், துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. களிம்பு பூசிய உடையோடு விளக்கு, ஊதுபத்தி, தீபாவளி மத்தாப்பு, சிகரெட், கேஸ் அடுப்பு அருகே போகாதீர்கள். நுரைக் குப்பியே எளிதில் தீப்பற்றும் பொருள். பூஜையறையிலோ அடுப்படியிலோ அதைத் தெளிக்கக் கூடாது.

மொட்டை போடலாமா, காவடி எடுக்கலாமா?

கத்தி கீறினால், ஊசி குத்தினால், தோல் உராய்ந்தால் அந்த இடத்திலேயே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் புதுத் தடிப்பு எழும் இயல்பு சொரியாசிஸ் உள்ள பலருக்கு உண்டு. நோய் கொதிநிலையில் இருக்கும்போது இது அதிகம். தலையில் தடிப்பு இருக்கும்போது சவரக்கத்தி மொட்டையைத் தள்ளிப்போடுங்கள். மின்சார ட்ரிம்மரால் ஒட்ட வெட்டுவது பாதுகாப்பு. தைப்பூசத்துக்கு அலகு குத்தும் நேர்த்தி இருந்தால் பால்குடமாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அலகு குத்தியே தீருவது என்றால், தைமாதம் நெருங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நோயை அடக்கிவைக்கத் திட்டமிடுங்கள்.

அன்றாட உராய்வை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புடவைப் பாவாடை நாடா இறுகும் இடுப்பு வரி, அரைஞாண் கயிறு, தேசிய சேவையில் இருப்பவருக்குப் பூட்ஸ் விளிம்பு, கட்டுமானத் தளத்தில் பாதுகாப்புக் கச்சை. மருந்து பூசியும் ஒரு கோடு மட்டும் அடங்கவில்லை என்றால் அங்கே எது உரசுகிறது என்று தேடுங்கள்.

நான்கு வாரம் ஒழுங்காகப் பூசியும் அசையவில்லை. ஏன்?

அளவும் நாளும் சரியென்றால் அடுத்த சந்தேகம் செதில்: கனமான செதிலுக்கு மேல் பூசிய மருந்து கீழே இறங்காது. பிறகு, அது சொரியாசிஸ்தானா? வட்டமாக, விளிம்பு மட்டும் தடித்து நடுவில் தெளிந்திருக்கும் படை பூஞ்சையாக இருக்கலாம். ஸ்டீராய்டு பட்டால் முதலில் அடங்கியதுபோல் காட்டி, பிறகு பரவும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

வேறு மருந்துகளும் சொரியாசிஸைக் கிளறும். லித்தியம், சில பீட்டா பிளாக்கர் ரத்த அழுத்த மாத்திரைகள், மலேரியா மாத்திரைகள் ஆகியவை தெரிந்த பெயர்கள். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். புகையும் மதுவும் பங்கு வகிக்கின்றன. நகத்தில் உள்ள சொரியாசிஸுக்கு மேல்பூச்சு சரியாகப் போய்ச் சேராது. உடல் பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஒளிச்சிகிச்சை, மாத்திரை, ஊசி பற்றிப் பேசவேண்டிய கட்டம் அது. களிம்பை மட்டுமே நம்பி வருடங்களைக் கழிக்க வேண்டியதில்லை.

எதற்கெல்லாம் உடனே போக வேண்டும்?

உடலின் பெரும்பகுதி சிவந்து, சூடாகி, குளிர் நடுக்கம் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பரவலாகச் சீழ்க் கொப்புளம் காய்ச்சலோடு வந்தாலும் அப்படியே. மிகையான தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குழப்பம் ஆகியவை கால்சியம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்.

மூட்டு வலியை அலட்சியம் செய்யாதீர்கள். காலையில் எழுந்ததும் விரல்களோ குதிகாலோ அரைமணி நேரத்துக்குமேல் இறுகிக் கிடந்தால், ஒரு விரல் முழுவதும் வீங்கினால், அது சொரியாசிஸ் மூட்டழற்சியாக இருக்கலாம். தோலில் கொஞ்சமே இருந்தாலும் இது வரும், விட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். களிம்பு அதைத் தொடவே தொடாது.

செலவைச் சமாளிக்க என்ன வழி?

நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் சொரியாசிஸும் சேர்ந்திருக்கிறது. அதனால் பலதுறை மருந்தகத்திலும் திட்டத்தில் பங்கேற்கும் தனியார் மருந்தகங்களிலும் ஆண்டு வரம்புக்குள் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். சாஸ் எனும் சமூகச் சுகாதார உதவித் திட்ட அட்டை இருந்தால் அதன் கழிவும் உண்டு. மண்டலே சாலையிலுள்ள நேஷனல் ஸ்கின் சென்டரில் கழிவுக் கட்டணத்தில் பார்க்க வேண்டுமானால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள். நேராகப் போனால் தனியார் கட்டணம் ஆகிவிடும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவுகள் கிடையாது. களிம்பு, ஜெல், நுரை மூன்றின் விலையையும் மருந்தகத்தில் கேட்டு ஒப்பிட்டபின் மருத்துவரிடம் பேசுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது காலி டியூபையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு பூசினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மிச்ச மருந்தை எப்படி வைப்பது?

பெட்டியில் போட்டிருக்கும் வெப்பநிலைக்குக் கீழே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். ஜெல்லைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். வெயிலில் நிற்கும் காரில் நுரைக் குப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால் வெடிக்கக்கூடும். திறந்த தேதியைப் பேனாவால் டியூபிலேயே எழுதிவையுங்கள், திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பது ஒவ்வொரு வடிவத்துக்கும் வேறு. உள்ளே உள்ள தாளில் இருக்கும். அக்காவுக்கும் கையில் அரிப்பு என்று மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். அவருடையது பூஞ்சையாகவும் இருக்கலாம்.